கழற்றி அனுப்பிய மோதிரம்

சேசு மரி சூசை துணை

இண்டூர்
12.2.1987

அன்புள்ள மாமாவுக்கு,

ஊர் அடங்கிய பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன், மன்னிக்க வேண்டும். பகலில் பேனாவை எடுத்தால் பாப்பா அழுகிறாள். பாப்பா தூங்கினால் அம்மா வந்து, "இன்னும் என்னாடி எழுதற, போன வாரந்தான எழுதுன" என்று தலைமாட்டில் நிற்கிறார். இப்போது பாப்பா என் மடியில் கிடக்கிறாள். கால் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் விழித்துவிடுவாள். எழுத்து கோணிக்கொண்டு போவது அதனால்தான்.

போன வாரம் அவளுக்குச் சளி பிடித்து மூக்கடைத்துக்கொண்டது. தருமபுரி டாக்டரிடம் காட்டினோம், இப்போது பரவாயில்லை. ஆனாலும் மூச்சு வருகிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரி எழுதுகிறேன்.

பிறந்தபோது வந்து இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போனதோடு சரி. மூன்றாம் மாசம் வந்து எங்களை அழைத்துப் போவதாகச் சொன்னீர்கள். வேலை என்றீர்கள். நாலு இரட்டைப்படை, ஆகாது. இப்போது ஐந்து பிறக்கப் போகிறது. பிள்ளை பெற்றவளைப் புருஷன் வந்துதான் அழைத்துப்போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் ஒவ்வொருத்தியும் பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "அப்பங்காரரு எப்ப வர்றாரு?" என்கிறாள். எத்தனை பேருக்குத்தான் சிரித்துக் காட்டுவது.

இன்னொன்று. சிரிக்காதீர்கள். போன வருஷம் ஜனவரியில் அமெரிக்காக்காரர்களின் விண்வெளி ஓடம் வெடித்ததே, அந்தப் படம் வந்த பத்திரிகையை அம்மா அலமாரித் தட்டில் விரித்து வைத்திருக்கிறார். ஊறுகாய் ஜாடியை எடுத்தால் அடியில் அந்தப் புகை இரண்டு கொம்பாகப் பிரிந்து நிற்கிறது. ஏழு பேர். அதில் ஒருத்தி பள்ளிக்கூட டீச்சர், இரண்டு பிள்ளைகளின் தாய். தாளை மாற்றிவிடலாம்தான். மாற்றினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று கை வரவில்லை. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள் இப்படியா என்று கேட்பீர்கள். படித்ததற்கும் பயத்துக்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் ஸ்டோர்ஸில் இருப்பது ஒன்றுதான் ஆறுதல். நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலையில் என்ன ஆபத்து வந்துவிடும்.

கேட்டபடி பருத்தி பனியன்கள் பார்சலில் வருகின்றன. இடுப்புக்குப் பருத்திக் கயிறும் வைத்திருக்கிறேன். வெள்ளி அரைஞாணுக்கு என்ன ஆயிற்று? கிறிஸ்துமஸுக்கு வாங்கி அனுப்பிய நைலான் சாக்ஸ் ஏன் ஆகாது என்றும் எழுதுங்கள். நிறம் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லலாம்.

உங்கள்
அமலோற்பவம்


ஸ்ரீஹரிகோட்டா
18.2.1987

அன்புள்ள அமலிக்கு,

கடிதமும் பார்சலும் வந்தன. பனியன் அளவு சரி. பாப்பாவின் சளி முழுதாக விட்டதா என்று எழுது.

இங்கே வேலைக்கு நேரம் காலம் இல்லை. புது ராக்கெட்டின் முதல் சோதனை. முன்னால் போனது நாற்பது கிலோவைத் தூக்கியது. இது நூற்றைம்பது கிலோ தூக்க வேண்டும். இரண்டு ஆள் எடை. கேன்டீன்காரர்கூட இப்போதெல்லாம் பத்திலிருந்து கீழே எண்ணிவிட்டுத்தான் தட்டில் இட்லி வைக்கிறார்.

அமெரிக்காவில் நடந்ததை நினைத்துக் குழப்பிக்கொள்ளாதே. அதில் ஆள் இருந்தார்கள். இதில் ஆள் இல்லை. நம் நாட்டு ராக்கெட்டில் ஆள் ஏறுகிற நாள் பாப்பா காலேஜ் போகும்போது வரலாம், அதற்கு இன்னும் பெரிய ராக்கெட் வேண்டும். அதற்கு முன்னால் வெறுமனே விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். சோதனை என்றால் அதுதான். விழுந்தாலும் கடலில்தான் விழும்.

சாக்ஸ் நிறம் நன்றாகத்தான் இருக்கிறது. கால் வேர்க்கிறது, அவ்வளவுதான்.

இது முடியாமல் லீவு இல்லை. முடிந்த மறுநாள் புறப்பட்டு வந்து அழைத்துப்போகிறேன். ஐந்தாம் மாசம் தாண்டாது. பாப்பிரெட்டிப்பட்டித் தீர்த்தகிரி லீவில் ஊருக்கு வருகிறான், இங்கே பஸ் ஓட்டுகிறவன். அவனிடம் ஒரு சாமான் கொடுத்தனுப்புகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

ஸ்தனிஸ்லாஸ்


சேசு மரி சூசை துணை

இண்டூர்
27.2.1987

அன்புள்ள மாமாவுக்கு,

"ஒரு சாமான்" என்று எழுதினீர்கள். பாப்பாவுக்கு வளையல் என்று அம்மா முடிவே செய்துவிட்டார். தங்கமா வெள்ளியா என்பதில்தான் எங்களுக்குள் பேச்சு.

தீர்த்தகிரி வந்தபோது நான் வீட்டில் இல்லை. பாப்பாவுக்கு முத்தடுப்பு ஊசி போடத் தருமபுரி போயிருந்தேன். அவர் ஒரு தீப்பெட்டியை அம்மா கையில் கொடுத்து, "ஸ்தனிஸ் குடுத்தாருங்க, அண்ணிகிட்ட சேத்துருங்க" என்று சொல்லி, தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டாராம். நான் இறங்கி வரும்போதே நம் வாசலில் கூட்டம். யாருக்கோ என்னவோ என்று பாப்பாவை அணைத்துக்கொண்டு ஓடினேன்.

தீப்பெட்டிக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் உங்கள் கல்யாண மோதிரமும் கழுத்தில் போட்டிருந்த மாதா சுரூபமும்.

அம்மா என்னைப் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டார். "கட்டுனவன் மோதரத்தக் கழட்டி அனுப்பிட்டான்டி! சாமியாரு மந்திரிச்சுக் குடுத்த மோதரம்டி! பொட்டப்புள்ள பெத்தியேன்னுதாண்டி இந்த வேல பண்ணிருக்கான்!"

பெரியநாயகம் சித்தப்பா மட்டும் பீடியை அணைத்துவிட்டு, "அண்ணி, அவசரப்படாதீங்க. மோதரந்தான வந்துருக்குது. தாலியக் கேட்டு ஆளு வரட்டும், அப்பறமா அழுவலாம்" என்றார்.

"வாய்ல நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? மொதல்ல போயி சாமியாரக் கூட்டிட்டு வாங்க!"

"சாமியாரு வந்து என்னா பண்ணுவாரு, மோதரத்துக்கு ஞானஸ்நானமா குடுப்பாரு?"

இப்படிப் போனது. இதற்குள் உங்கள் அம்மாவுக்கும் யாரோ பென்னாகரத்தில் போய்ச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் அத்தை வந்து, "எம்புள்ள அப்புடிச் செய்யறவனில்ல" என்று சொல்லிக்கொண்டே எங்கள் அம்மாவோடு சண்டை பிடித்துவிட்டுப் போனார்.

எல்லாரும் அழுதபோது எனக்கு அழுகை வரவில்லை. நீங்கள் என்னை விட்டுவிட்டீர்கள் என்று ஒரு கணங்கூட நினைக்கவில்லை. அப்படி நினைக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் நினைத்தது வேறு.

நைலான் ஆகாது. பருத்திதான் வேண்டும். வெள்ளி அரைஞாண் கூடாது. மோதிரம் கூடாது. சுரூபங்கூடக் கூடாது. மார்கழிப் பனியில் நைலக்ஸ் புடவையைக் களையும்போது படபடவென்று பொறி பறக்குமே, கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். அது என்ன மின்சாரம் என்று நான்தான் உங்களுக்குப் பாடம் சொன்னேன். அந்த அளவுப் பொறிக்கே பயப்படுகிற இடம் எது? நட்டும் போல்ட்டும் இருக்கிற ஸ்டோர்ஸா?

வெடிமருந்துப் பக்கத்தில் இருக்கிறீர்கள். ராக்கெட்டைப் பற்றவைக்கிற இடத்தில். எத்தனை நாளாக?

இதில் ஆள் இல்லை என்று எழுதினீர்களே. மேலே ஆள் இல்லை, சரி. அடியில் ஆள் இருக்கிறாரே, மாமா.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் உங்களைத் திட்டிக்கொண்டே இருக்கட்டும். பயப்படுவதைவிடத் திட்டுவது அவருக்கு நல்லது.

அமலோற்பவம்


ஸ்ரீஹரிகோட்டா
6.3.1987

அன்புள்ள அமலிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். தீர்த்தகிரியிடம் விஷயத்தைச் சொல்லியனுப்பியிருக்க வேண்டும். அவன் புறப்படுகிற அவசரத்தில் கையில் திணித்துவிட்டேன். மோதிரம் வந்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே எல்லார் விரலும் வெறும் விரல்தான். அதுவே பழகிவிட்டது.

நீ கண்டுபிடித்தது சரி. பற்றவைக்கிற இக்னைட்டரைப் பொருத்துகிற பிரிவில் இருக்கிறேன். ராக்கெட்டின் இரண்டு பக்கமும் கட்டியிருக்கிற துணை மோட்டார்கள் எங்கள் பொறுப்பு. ஆனியில் மாற்றினார்கள். அப்போது நீ மாசமாக இருந்தாய். அதனால் ஸ்டோர்ஸ் என்று சொன்னேன். பிறகு சொல்ல நல்ல நாள் வரவில்லை.

எப்படி வேலை செய்கிறோம் என்று எழுதுகிறேன், அப்போதாவது பயம் குறையும். கட்டடத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கிறது. உள்ளே போகிற யாரானாலும் வெறுங்கையால் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியைத் தொடுவோமே, அது போலத்தான். எனக்குத் தகட்டைத் தொட்டதும் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டுவிடுகிறது. கூட இருக்கும் ரெட்டி தெலுங்கில் கிண்டல் செய்வார். ஆனால் நான் போடாமல் போனால், "ஏமய்யா, இன்னிக்கு விட்டுப் போச்சே" என்று அவரே ஞாபகப்படுத்துகிறார்.

தனியாக யாரும் எதையும் தொடக் கூடாது. ஒருவர் படிப்பார். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். சந்தேகம் வந்தால் கையை எடுத்துவிட்டு முதலிலிருந்து. நீ பாப்பாவைக் குளிப்பாட்டுகிற ஜாக்கிரதைக்கு இது ஒன்றும் குறைவில்லை.

மோதிரத்தை முதலில் பெட்டியில்தான் வைத்துவிட்டுப் போவேன். ஒரு நாள் உடை மாற்றுகிற அறையில் கை தவறி உருண்டு தண்ணீர் போகிற ஓட்டைக்குப் போனது. காலை வைத்து மறித்தேன். அன்றைக்கு முழுதும் மனசு வேலையில் நிற்கவில்லை. இந்த வேலையில் மனசு வேறிடத்தில் இருக்கக் கூடாது. உன்னிடம் இருந்தால் எனக்குக் கவலையில்லை. அதற்காகத்தான் அனுப்பினேன். இதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டு. சித்தப்பாவிடம், தாலியைக் கேட்டு ஆள் வராது என்று சொல்.

ஸ்தனிஸ்லாஸ்


சேசு மரி சூசை துணை

இண்டூர்
13.3.1987

அன்புள்ள மாமாவுக்கு,

படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். "தீப்பெட்டில போட்டு அனுப்புனா யாருக்குத்தாண்டி புரியும்" என்று உங்கள் மேலேயே பழியைப் போட்டுவிட்டு, சிலுவைப் பாதைக்கு என்னை முந்திக்கொண்டு கிளம்பிவிட்டார். இதுவரை தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் முழங்கால் வலி என்று வீட்டில் இருந்தவர்.

இத்தனை நாள் தெரியாமல் பயந்தேன். இப்போது தெரிந்து பயப்படுகிறேன். செம்புத் தகடு வரைக்கும் உங்கள் கூடவே வருகிறேன், அதற்கு மேல் என்னை உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். கனவு இல்லை, விழித்துக்கொண்டிருக்கும்போதேதான்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று ஒரு தாள் எழுதிக் கிழித்துப் போட்டேன். விடச் சொல்லவில்லை. பழையபடி வேறு பிரிவுக்கு மாற்றிக் கேட்க முடியாதா? கைக்குழந்தை இருக்கிறது என்று சொன்னால் கேட்க மாட்டார்களா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் பதில் சொல்லுங்கள். ராக்கெட் புறப்படுகிற அன்று எல்லாரும் தூரமாகப் போய்விடுவார்கள் என்று படித்திருக்கிறேன். கடைசியாக அதன் பக்கத்திலிருந்து வருவது யார்?

அமலோற்பவம்


ஸ்ரீஹரிகோட்டா
19.3.1987

அமலி,

நேரமில்லை. இரண்டே வரி.

கடைசியாக வருவது இரண்டு பேர். ஒருவர் ரெட்டி. மாற்றிக் கேட்க மாட்டேன். நான் கையெடுத்தால் இன்னொருவன் கை வைப்பான், அவன் வீட்டில் ஒருத்தி இதே கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பாள்.

தேதி எழுதக் கூடாது. ரேடியோவில் சொல்வார்கள். முடிந்ததும் வருகிறேன்.

ஸ்தனிஸ்


சேசு மரி சூசை துணை

இண்டூர்
24.3.1987

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருமா, யார் கைக்கு வரும், தெரியவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

மத்தியானம் பாப்பாவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த வேலையாள் மாது, டிரான்சிஸ்டரைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடி வந்தார். "யக்கா, யக்கா! மாமா வுட்ட ராக்கெட்டு கடல்ல வுழுந்துடுச்சாம்!"

அதற்குள் செய்தி முடிந்து பாட்டு போட்டுவிட்டார்கள். அடுத்த செய்தி வரை அந்தப் பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம். ராக்கெட் கிளம்பியது, சற்று நேரத்தில் பழுதாகிக் கடலில் விழுந்தது என்றார்கள். ஆட்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதால் சொல்லவில்லையா? இல்லை, சொல்லக் கூடாது என்று சொல்லவில்லையா?

சித்தப்பா உடனே சட்டையை மாட்டினார். தருமபுரி போஸ்டாபீஸில் டிரங்க் கால் போட்டு, மூடுகிற வரை நின்றோம். லைன் கிடைக்கவில்லை. வரும்போது பஸ்ஸில் அவர் தன் மடியில் பாப்பாவை வைத்துக்கொண்டு, "ராக்கெட்டு கெளம்பிருச்சுல்ல? கெளம்புச்சுன்னா மாப்ள அதுக்கு முன்னாலயே வெளிய வந்துட்டாருன்னுதான அர்த்தம்? நீதான படிச்சவ, சொல்லு" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குச் சொன்னாரா, தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. கணக்கு சரிதான். கணக்கு சரி என்றால் இதை ஏன் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மோதிரத்தைத் தாலிக் கயிற்றிலேயே கோத்துவிட்டேன். பாப்பா பால் குடிக்கும்போது அதைப் பிடித்து இழுக்கிறாள்.

நாளை மங்கள வார்த்தைத் திருநாள். பூசைக்குப் போகிறேன். ஒரு வரி போதும், மாமா. உங்கள் கையெழுத்தில் ஒரு வரி.

அமலோற்பவம்


ஸ்ரீஹரிகோட்டா
26.3.1987

அமலி,

நான் நன்றாக இருக்கிறேன். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

பக்கத்து மோட்டார்கள் இரண்டும் எரிந்தன. நாங்கள் பொருத்தியவை. அழகாக எரிந்தன. அது முடிந்ததும் நடுவில் இருக்கிற பெரிய மோட்டார் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லை. காரணம் என்ன என்று பெரியவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள், எங்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கம் எரிந்ததே என்று யாரோ எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அப்படிப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கேன்டீன்காரர் இப்போது எண்ணாமலே இட்லி வைக்கிறார். ரெட்டி நேற்று முழுதும் வெறும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இப்போது வர மாட்டேன். லீவு கேட்டால் கிடைக்கலாம், நான் கேட்கவில்லை. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் டீக்கடை முதல் கேட்பார்கள். எங்கள் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கோயிலில் உன் சொந்தக்காரர்கள் முன்னால் என்ன முகத்தோடு நிற்பது? ஏழாம் மாசம் பார்க்கலாம். அடுத்த ராக்கெட் எப்போது என்று தெரியாது. அதுவரை மோதிரம் உன்னிடமே இருக்கட்டும்.

ஸ்தனிஸ்லாஸ்


சேசு மரி சூசை துணை

இண்டூர்
3.4.1987

அன்புள்ள மாமாவுக்கு,

மறுபடியும் நேரங்கழித்துத்தான் எழுதுகிறேன். இந்தத் தடவை மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

உங்கள் கடிதம் வருவதற்குள் இங்கே நாங்கள் பட்ட பாட்டை எப்படி எழுதுவேன். அத்தை பென்னாகரத்திலிருந்து வந்து இங்கேயே இருந்துவிட்டார். மோதிரச் சண்டையால் இரண்டு அம்மாக்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் அடுப்படியிலும் ஒருவர் கூடத்திலுமாக உட்கார்ந்து தனித்தனியாக ஜெபமாலை சொன்னார்கள். அவர் பாதி சொன்னால் இவர் மீதியை இங்கிருந்து சொல்லுவார். அதற்கு மட்டும் பேச்சு உண்டு.

தபால்காரர் இன்லேண்டை நீட்டியபோது விலாசத்தில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். பிரிக்கவே இல்லை. அப்படியே நின்று சிரித்துவிட்டேன். நாட்டின் ராக்கெட் கடலில் கிடக்கிறது, இத்தனை பேர் உழைப்பு கிடக்கிறது, நான் வாசலில் நின்று சிரிக்கிறேன். பிறகு பிரித்துப் படித்தேன். நீங்கள் எப்படி உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. என் சந்தோஷமும் உங்கள் துக்கமும் ஒரே நாளில் வந்துவிட்டன. இதை உங்களிடம் மறைத்தால் நானும் ஸ்டோர்ஸ் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆள் ஏறுவதற்கு முன்னால் வெறுமனே விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும், சோதனை என்றால் அதுதான் என்று எழுதினது யார்? ஆளில்லாமல் விழுந்தது. ஏழு பேரோடு விழவில்லை. இதைவிட நல்ல விதமாக ஒரு ராக்கெட் எப்படி விழ முடியும்? டீக்கடையில் கேட்டால் இதைச் சொல்லுங்கள். கேட்காமலே போனாலும் போவார்கள். மாது கேட்டது ஒன்றுதான்: "மாமாவுக்கு ஒண்ணும் ஆவலயே? அப்ப வுடுங்க, கெணத்துல மோட்டாரே ரெண்டு தரம் எறக்கனாத்தான் ஒழுங்கா ஓடுது."

இன்றோடு ஐந்தாம் மாசம் முடிகிறது. ஏழு வரை நான் காத்திருக்கப் போவதில்லை. ஆறில், இரட்டைப்படையில், நானே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

அம்மாவிடம் சொன்னதும், "பொம்பள தானா மூட்டையக் கட்டிக்கிட்டுப் போனா ஊரு என்னாடி பேசும்?" என்றார்.

"மோதரம் வந்தப்ப பேசாததா?" என்றேன்.

அத்தை அடுப்படியிலிருந்து, "போவட்டும் வுடுங்க. எம்புள்ள வூட்டுக்குத்தான போறா" என்றார். ஒரு மாசத்துக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். இப்போது இருவரும் சேர்ந்து முறுக்குக்கு மாவு இடிக்கிறார்கள். தூக்கிக்கொண்டு போகப்போவது நான், எடையைப் பற்றி இருவருக்கும் கவலையில்லை. இரண்டு ஆள் எடை வரும் போலிருக்கிறது.

சித்தப்பா மொரப்பூரில் ரயில் ஏற்றிவிடுவார். சென்ட்ரலில் என் காலேஜ் சிநேகிதி சுல்தானா வந்து சூளூர்ப்பேட்டை வண்டியில் உட்கார வைப்பாள். பாப்பாவுக்குச் சளி முழுதாக விட்டுவிட்டது. அலமாரித் தாளையும் இன்று மாற்றிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

மோதிரம் என்னிடமே இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்காது. கொண்டுவந்து உங்கள் விரலில் போடுவேன். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கழற்றி என் கையில் கொடுங்கள். சாயங்காலம் வந்து வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவில் வேலை என்று இனிமேல் கேட்க மாட்டேன், மாற்றிக்கொள்ளவும் சொல்ல மாட்டேன். பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பயப்பட எனக்குத் தெம்பு இருக்கிறது. மாசக்கணக்கில் பயப்படத்தான் இல்லை.

ஸ்ரீஹரிகோட்டாத் தீவுக்குள் வர பாஸ் வேண்டுமாம், தீர்த்தகிரி சொல்லியனுப்பினார். எங்கள் இரண்டு பேருக்கும் எழுதி வாங்கி வையுங்கள். எந்தத் தேதிக்கு வரட்டும் என்று உடனே பதில் போடுங்கள்.

உங்கள்
அமலி